அமுச்சியின் பள்ளிபாளையம் சிக்கன் யாருக்குச் சொந்தம்?

நீங்கள் எழுதியிருந்ததை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். கவுந்தப்பாடிப் பக்கத்து ஊரில் உங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, விறகடுப்பில் பள்ளிபாளையம் சிக்கன் செய்ததை உங்கள் அண்ணன் செல்போனில் பிடித்தார். இரண்டு வருடம் முன்பு அதை யூடியூபில் போட்டீர்கள். போன மாதம் ஒரு இந்திச் சேனல் அதிலிருந்து நாற்பது விநாடியை வெட்டி எடுத்து, அமுச்சியின் பேச்சை அழித்து, கம்ப்யூட்டர் குரலில் இந்தி விளக்கம் ஏற்றி, 'சவுத் இந்தியன் ரெட் சில்லி சிக்கன்' என்று போட்டிருக்கிறது. லண்டனில் இருக்கும் ஒரு பெண்மணி உங்கள் வீடியோவைப் பார்த்துத் தன் வீட்டில் ஆலிவ் எண்ணெயில் அதைச் செய்து, 'நானே உருவாக்கிய ரெசிபி' என்கிறார். இவற்றைப் பற்றி நீங்கள் கோபமாக எழுதியதும், மைசூர்க்காரர் ஒருவர் உங்கள் ஒப்புட்டு (போளி) வீடியோவுக்குக் கீழே வந்து, 'ஒப்பட்டு எங்களுடையது, அதைக் கொங்குப் பாரம்பரியம் என்று போட்டவர் திருட்டைப் பற்றிப் பேசலாமா' என்று கேட்டுவிட்டார். "சமையலுக்கு ஓனர் உண்டுங்களா? கேஸ் போட முடியுங்களா? அந்த மைசூர்க்காரர் சொல்றதுதான் சரிங்களா?" என்று முடித்திருந்தீர்கள்.

கேஸைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி வந்தது: "அமுச்சி பேசுனதையே காணோமுங்க, வெறும் கை மட்டும் தெரியுது." உங்களை உண்மையில் உறுத்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. சட்டம் அந்த இடத்தைத் தொடுமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் பதில் உறுதியாக இல்லை.

நான் கோவையில் இருபத்திரண்டு வருடமாகக் காப்பிரைட், டிரேட்மார்க் வழக்குகள் பார்க்கிற வக்கீல். மசாலாக் கம்பெனி, மெஸ், பேக்கரி, கிரைண்டர் செய்பவர்கள் என்று சோற்றோடு சம்பந்தப்பட்டவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள். சொந்த ஊர் பெருந்துறை, அதனால் நீங்கள் சொல்லும் அடுப்படியும் எனக்குத் தெரியும். பேச்சுக்கு முன்னால் ஒரு வார்த்தைச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். தமிழ்ப் பத்திரிகைகளில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லைக் காப்பிரைட்டுக்கும் போடுகிறார்கள், பேட்டன்டுக்கும் போடுகிறார்கள். காப்பிரைட் எழுத்து, படம் போன்ற படைப்புக்கு, பேட்டன்ட் புதுக் கண்டுபிடிப்புக்கு. இரண்டும் வேறு சட்டம், வேறு அலுவலகம், வேறு காலக்கெடு. குழப்பம் வரக்கூடாது என்பதால் இங்கே காப்பிரைட், பேட்டன்ட் என்றே எழுதுகிறேன்.

சந்தேகமே இல்லாததில் ஆரம்பிக்கிறேன். உங்கள் வீடியோ உங்களுடையது. 1957-ஆம் வருடத்துக் காப்பிரைட் சட்டத்தின் கண்ணில் செல்போனில் எடுத்த வீடியோவும் ஒரு சினிமாட்டோகிராப் படம்தான். அதைப் பதிவு செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, எடுத்த நிமிடத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. வெளியிட்ட வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் அது நிற்கும். படத்தின் உரிமை என்பதில் அதிலிருந்து ஒரே ஒரு காட்சியை நிழற்படமாக எடுப்பதுகூட அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. நாற்பது விநாடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விமர்சனத்துக்காகவோ செய்திக்காகவோ கொஞ்சம் எடுத்துக் காட்டலாம் என்று 52-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஒருவர் உங்கள் வீடியோவை ஓடவிட்டு, 'இதில் மிளகாய் அதிகம், இப்படிச் செய்யக்கூடாது' என்று பேசியிருந்தால் அந்த விலக்கைக் கேட்டு நிற்கலாம். குரலை மட்டும் மாற்றி முழுசாகத் தன்னுடையதுபோல் போட்டவர் அங்கே போய் நிற்க முடியாது. கம்ப்யூட்டர் குரலா, மனிதக் குரலா என்பதால் எதுவும் மாறுவதில்லை. வீடியோவுக்குக் கீழே நீங்கள் தமிழில் எழுதிவைத்த செய்முறை விளக்கத்தை அப்படியே இந்தியாக்கியிருந்தால் அதுவும் மீறல்தான். மொழிபெயர்க்கும் உரிமை எழுதியவருக்கே உரியது.

ஆனால் பள்ளிபாளையம் சிக்கன் உங்களுடையது அல்ல. அமுச்சியுடையதும் அல்ல. இதைச் சொல்லும்போது உங்களுக்கு மனசு கஷ்டப்படும் என்று தெரியும், அதனால் காரணத்தையும் சொல்கிறேன். காப்பிரைட் ஒரு விஷயத்தைச் சொன்ன விதத்துக்குத்தான் வேலி போடும், விஷயத்துக்குப் போடாது. 1978-இல் ஆர்.ஜி.ஆனந்த் – டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்துவைத்தது. கருவுக்கு உரிமையாளர் கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு. நாட்டுக்கோழி, கைநிறைய வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், மஞ்சள், உப்பு, கடலெண்ணெய் என்பது பட்டியல். எந்தச் சேனலும் அதைப் போடலாம். மிளகாயைக் கிள்ளி விதையை உதறு, வெங்காயத்தை வணக்கு, கறியைப் போட்டுத் தண்ணி தெளித்துத் தெளித்து வேகவை என்பதும் வெறும் வழிமுறைதான். ஆனால் அமுச்சி அந்த இடத்தில் சொன்னாரே, "மசாலாப் பொடி போட்டீன்னா அது பள்ளிபாளையம் இல்ல கண்ணு, கறிக்கொழம்பு. மொளகாத் தோலு எண்ணெயில நெறம் உடோணும், அந்த நெறம் கறியில ஏறோணும்" என்று. அந்தச் சொற்கள், அந்த அடுக்கு, சட்டியைச் சாய்த்து எண்ணெயின் நிறத்தைக் காட்டிய அந்தக் கை, அதை அண்ணன் கிட்டப்போய்ப் பிடித்த விதம் எல்லாம் வெளிப்பாடு. வேலி அதைச் சுற்றித்தான். தக்காளியும் இல்லாமல் பொடியும் இல்லாமல் கோழி வைக்கலாம் என்ற அறிவு வேலிக்கு வெளியே கிடக்கிறது.

என்னிடம் வருகிறவர்கள் அதிகம் நம்ப மறுப்பது இதைத்தான். சில வருடம் முன்பு ஈரோட்டுப் பக்கம் மெஸ் வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். பதினோரு வருடம் கூட இருந்த மாஸ்டர் வேலையை விட்டு, ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலேயே கடை போட்டுவிட்டார். "என்ற பக்குவத்தைத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க" என்றார், குரல் உடைந்துபோய். எழுதி வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டேன். எதுவும் இல்லை. எழுதி வாங்கியிருந்தாலும், வேலையை விட்டபின் அதே தொழிலைச் செய்யாதே என்று ஒருவரைக் கட்டிப்போடும் நிபந்தனை 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. மசாலா அரைக்கும் அளவை ரகசியமாக வைத்து, ரகசியம் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தால் அதை வைத்து ஏதாவது செய்திருக்கலாம். அந்த மாஸ்டரும் அப்புறம் ஒரு நாள் என்னிடம் வந்தார். தான் மெஸ்ஸுக்கு வேலைக்குப் போகும்போதே அந்தப் பக்குவம் தன் ஆத்தாவிடமிருந்து வந்ததுதான் என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

ருசிக்கே உரிமை கேட்டு ஐரோப்பாவில் ஒரு வழக்கு நடந்தது. நெதர்லாந்தில் மூலிகை சேர்த்த ஒரு பாலாடைக்கட்டியின் ருசி தன் படைப்பு, அதைப் போட்டிக் கம்பெனி நகலெடுத்துவிட்டது என்று லெவோலா என்ற நிறுவனம் போனது. 2018 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் மறுத்துவிட்டது. ருசி சாப்பிடுகிறவரின் வயசு, பழக்கம், அன்றைய சூழ்நிலை இவற்றைப் பொறுத்து மாறுகிறது, எல்லோருக்கும் ஒரே மாதிரி துல்லியமாக அடையாளம் காட்ட முடியாததைப் படைப்பு என்று ஏற்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்பு நம் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் காரணம் எனக்குச் சரியாகவே படுகிறது. அமுச்சியின் கைப்பக்குவத்தை அளந்து பாட்டிலில் அடைத்து நீதிபதி முன்னால் வைக்க வழி இல்லை.

அதனால் லண்டன் பெண்மணி மீது உங்களுக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லை. அவர் உங்கள் காட்சியை எடுக்கவில்லை, சொற்களை எடுக்கவில்லை, பார்த்துக் கற்றுக்கொண்டு தன் அடுப்பில் செய்தார். நாமும் அப்படித்தானே கற்றுக்கொண்டோம். 'நானே உருவாக்கினேன்' என்று சொன்னது தப்பு, அதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஆனால் அந்தத் தப்புக்குக் காப்பிரைட்டில் பிரிவு கிடையாது. தயவுசெய்து அவர் மீது காப்பிரைட் புகார் கொடுக்காதீர்கள். ஆதாரமில்லாமல் மிரட்டினால் மிரட்டப்பட்டவரே வழக்குப் போடலாம் என்று நம் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது. யூடியூப் பின்பற்றும் அமெரிக்கச் சட்டத்திலும் தெரிந்தே பொய்ப்புகார் கொடுத்தால் நஷ்டஈடு கேட்க வழி உண்டு. அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பள்ளிபாளையம் காவிரிக்கு மேற்கே ஈரோடு, கிழக்கே நாமக்கல் மாவட்டம் என்று ஆற்றங்கரையில் இருக்கும் ஊர், சிக்கனுக்கு அந்த ஊர்ப்பெயர், உங்களுக்கு அது அமுச்சி வழியாக வந்தது என்று சொல்லி, விளக்கத்தில் அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வக்கீல் நோட்டீஸாக வேண்டாம், உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.

பேட்டன்ட் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 1970-ஆம் வருடத்துப் பேட்டன்ட் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பாரம்பரிய அறிவுக்கும் வெறும் கலவைக்கும் பேட்டன்ட் இல்லை என்கிறது. ஆனாலும் வெளிநாட்டில் ஒரு தடவை நடந்ததை ஈரோட்டுக்காரர்கள் மறக்கக்கூடாது. 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண்ணுக்கு மஞ்சள் பூசுவதற்கே பேட்டன்ட் கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுவான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து, 1997-இல் அது ரத்தானது. ரத்தாக்கியது எது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். காலில் முள் ஏறினால் மஞ்சளைக் குழைத்துப் பத்துப்போடுவது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தத் தெரிதல் அங்கே செல்லவில்லை. வெளிநாட்டில் வழக்கத்தில் இருந்தது என்பதை அன்றைய அமெரிக்கச் சட்டம் ஆதாரமாக ஏற்காது, அச்சில் வந்திருக்க வேண்டும். பழைய சமஸ்கிருத நூல்களையும் 1953-இல் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் எடுத்துக் காட்டித்தான் ஜெயித்தார்கள். அதன்பின் 2001-இலிருந்து பாரம்பரிய அறிவை எழுதித் தொகுத்து, வெளிநாட்டுப் பேட்டன்ட் அலுவலகங்கள் பார்க்கும்படி ஒரு மின்நூலகமே நடத்துகிறது இந்தியா. தேதியோடு, இடத்தோடு, செய்தவர் பேச்சோடு நீங்கள் போட்ட வீடியோவும் தன் அளவில் அந்த வகை ஆதாரம்தான்.

இனி மைசூர்க்காரருக்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி சரி. ஒப்புட்டு என்ற சொல் கன்னட ஒப்பட்டுதான். மற்ற தமிழ் ஊர்களில் அதையே போளி என்கிறார்கள், அதுவும் மராத்தியில் பூரண் போளி என்று இருக்கிற சொல்தான். 1799-இல் திப்பு விழும்வரை கோயமுத்தூர்ச் சீமை மைசூர் ஆட்சியில் இருந்தது. சத்தியமங்கலம் மலை ஏறினால் அந்தப் பக்கம் கன்னடம். பெண் கொடுத்து எடுத்தவர்கள், மாட்டுச் சந்தைக்கு வந்துபோனவர்கள், ஜவுளி ஏற்றிப்போனவர்கள் என்று நடமாட்டம் நின்றதே இல்லை. கன்னடம் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கின்றன. அவர்கள் வீட்டு ஒப்பட்டுக்கும் எங்கள் வீட்டு ஒப்புட்டுக்கும் நடுவில் கோடு கிழிக்க என்னால் முடியாது. எங்கள் அம்மா வாழையிலையில் எண்ணெய் தடவி, மாவுக்குள் பூரணத்தை வைத்து, மூன்று விரலால் ஓரம்வரை தட்டிக்கொண்டே போவார். நடுவில் பருப்பு தெரிகிற அளவுக்கு மெலிந்தால்தான் இலையோடு தூக்கிக் கல்லில் கவிழ்ப்பார். மைசூரில் ஒரு நண்பர் வீட்டில் அவருடைய தாயார் செய்ததைப் பார்த்தபோது, அதே மூன்று விரல், அதே இலை. எனக்குச் சொந்தமானது என்று அதில் எதைச் சொல்வேன்?

மிளகாயையே எடுத்துக்கொள்ளுங்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர் கப்பல் வந்தபின் இங்கே வந்தது. அது வருமுன் பள்ளிபாளையம் சிக்கன் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஜவ்வரிசியைப் பாருங்கள். தென்கிழக்காசியத் தீவுகளில் அது சாகோப் பனையிலிருந்து எடுப்பது. இங்கே வந்துகொண்டிருந்த சரக்கு இரண்டாம் உலகப்போரில் நின்றபோது, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்ய ஆரம்பித்தார்கள். அந்தக் கிழங்கும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அந்த ஜவ்வரிசிக்கு 2023-இல் சேலத்தின் பெயரில் புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊரோடு ஒட்டிய பொருளுக்கு அந்த ஊர்ப்பெயரைக் காக்கும் பதிவு, கிடைத்தது. கோவையில் சாயங்காலம் ஆனால் தள்ளுவண்டியில் காளான் தட்டுகிறார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸையும் காளானையும் மைதாவில் பிசைந்து பொரித்து, அகலக் கல்லில் குழம்போடு போட்டு, கரண்டியால் கொத்திக் கொத்தி, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். ஊரை விட்டுப் போன கோவைப் பிள்ளைகள் அதற்கு ஏங்குகிறார்கள். அதன் தாய்வழி மஞ்சூரியன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, பொரித்ததைக் கெட்டிக் குழம்பில் புரட்டும் அந்த முறையே சொல்கிறது. மஞ்சூரியனோ, கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங் 1975-இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் செய்தது. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் என்று இந்தியக் குழம்பு மாதிரி ஆரம்பித்து, கரம் மசாலா போடவேண்டிய இடத்தில் சோயா சாஸும் சோளமாவும் சேர்த்தார். சட்டப்படி அவர் யாரையும் தடுத்திருக்க முடியாது. தடுக்க முடிந்திருந்தால் காந்திபுரத்தில் காளான் வண்டி இருந்திருக்காது.

எடுத்துக்கொண்டது திருட்டு என்றால் நம் அடுப்படியில் மிச்சம் ஒன்றும் இருக்காது. மைசூர்க்காரர் அடுப்படியிலும் இருக்காது. அந்த அளவில் அவர் சொன்னது தப்பு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒப்புட்டு நம்மிடம் வந்தபோது தன் பெயரோடு வந்தது. இருநூறு முந்நூறு வருடம் கழித்தும் நம் ஆத்தாக்கள் வாயில் அது கன்னடமாகவே இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் அவரால் தன் ஊரை அடையாளம் காண முடிந்தது. உங்கள் வீடியோவை எடுத்தவர்கள் பள்ளிபாளையத்தை அழித்துவிட்டு எடுத்தார்கள். அமுச்சியின் பேச்சும் போய்விட்டது. இனி அதைப் பார்த்து எந்த ஊர்க்காரரும் தன் ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. இதுதான் எனக்குத் தெரிகிற வித்தியாசம். நாமும் எப்போதும் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வந்த செடிக்கு மிளகைப் பார்த்து மிளகாய் என்று பெயர் வைத்தோம், அதை முதலில் பயிரிட்ட மக்களின் சொல் நம் நாக்கில் இல்லை. உங்கள் ஒப்புட்டு வீடியோவின் விளக்கத்தில் 'கர்நாடகத்தில் ஒப்பட்டு, ஹோளிகே என்பார்கள், எங்கள் பக்கம் இப்படித் தட்டுவோம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கொங்குப் பாரம்பரியம் என்பதை எடுக்க வேண்டியதில்லை, இரண்டும் உண்மைதான்.

பள்ளிபாளையம் சிக்கனுக்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டால் என்ன என்று இன்னொருவர் உங்களுக்குப் பதில் எழுதியிருந்தார். அது தனியாளால் முடியாது. அந்தப் பொருளைச் செய்கிறவர்களின் சங்கமோ அதிகாரம் பெற்ற அமைப்போ சென்னையில் உள்ள பதிவகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சமைத்த பண்டத்துக்குக் கொடுப்பார்கள் என்பது உறுதி. திருப்பதி லட்டுக்கு 2009-இலும் ஐதராபாத் ஹலீமுக்கு 2010-இலும் பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-இலும் கிடைத்திருக்கிறது. ஹலீம், ஹரீஸ் என்ற அரபு நாட்டுக் கோதுமை-கறிக் கூழிலிருந்து வந்தது. வேறு நாட்டில் பிறந்ததும் வந்த ஊரின் பெயரைப் பெறலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம். ரசகுல்லாவுக்கு வங்காளமும் ஒடிசாவும் அடித்துக்கொண்டதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். 2017-இல் வங்காளத்தின் ரொசொகொல்லாவுக்கும் 2019-இல் ஒடிசாவின் ரசகோலாவுக்கும் தனித்தனியே கொடுத்து முடித்தார்கள். பள்ளிபாளையத்துக்குக் கிடைக்குமா என்பது சந்தேகம். அந்தப் பெயர் இன்று தமிழ்நாடு முழுக்க ஓட்டல் மெனுவில் இருக்கிறது, ஊர்ப்பெயர் பொதுப்பெயராகிவிட்டால் பதிவு கிடைக்காது என்று எதிர்த்தரப்பு வாதாடும். கிடைத்தாலும், பத்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்தாலும், அந்தப் பெயரை வைத்து வெளியாள் விற்பதைத்தான் அது தடுக்கும். பெயரையே எடுத்துவிட்டு 'ரெட் சில்லி சிக்கன்' என்று போடுகிறவரை அது ஒன்றும் செய்யாது. உங்கள் நோவுக்கு அது மருந்தல்ல.

உங்கள் நோவை நேராகத் தொடுகிற ஒரு பிரிவு உண்டு, உறுதியில்லாதது என்று முதலில் சொன்னேனே, அதுதான். காப்பிரைட் சட்டத்தில் நிகழ்த்துபவரின் உரிமை என்று ஒன்று இருக்கிறது. நடிகர், பாடகர், ஆட்டக்காரர், வித்தை காட்டுகிறவர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, 'அல்லது நிகழ்த்திக் காட்டும் வேறெவரும்' என்று முடிகிறது அந்த வரையறை. 2012 திருத்தத்தில், நிகழ்த்தியவர் தன்னை இன்னார் என்று அடையாளப்படுத்தக் கேட்கலாம், தன் நிகழ்ச்சியைச் சிதைத்தால் தடுக்கலாம் என்றும் சேர்த்தார்கள். அடுப்பின் முன் உட்கார்ந்து, பேசிக்கொண்டே, கேமராவுக்குக் காட்டிச் சமைத்த அமுச்சி நிகழ்த்துபவரா? ஆம் என்று வாதாட என்னால் முடியும், பாம்பாட்டியை ஏற்ற சட்டம் அமுச்சியை ஏன் ஏற்கக்கூடாது? இல்லை, அது வீட்டுவேலை, நிகழ்ச்சி அல்ல என்று எதிர்த்தரப்பும் நன்றாகவே வாதாடும். எந்தப் பக்கம் தீர்ப்பு போகும் என்று நான் உறுதி சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆம் என்றானால், குரலை அழித்ததும் பெயரை விட்டதும் அமுச்சிக்குச் செய்த தனிக்குற்றம், அது உங்கள் உரிமை அல்ல, அவருடையது.

அந்த இடத்தில் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், வருத்தப்படாதீர்கள். அந்த வரையறையைப் படித்ததும் உங்கள் வீடியோவைத் திறந்து பார்த்தேன். சேனலில் 'அமுச்சி சமையல்' என்று இருக்கிறது. விளக்கத்திலும் அமுச்சி என்றே இருக்கிறது. அவருடைய பெயர் எங்கேயும் இல்லை. படத்தில் தற்செயலாக வந்துபோகிறவரை, பெயர்ப் பட்டியலிலும் சொல்லாவிட்டால், நிகழ்த்துபவராக முழுதாகக் கருத வேண்டியதில்லை என்று அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. அமுச்சி தற்செயலாக வந்தவர் இல்லை என்றாலும் அந்த விலக்குக்கு இடம் கொடுப்பானேன். இன்றைக்கே விளக்கத்தில் முதல் வரியாக அவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பது, படம் எடுத்த தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். என் அம்மாவின் சமையல் நோட்டில் சந்தகை (இடியாப்பம் மாதிரியான பலகாரம்) பக்கத்தில் 'பெரியகிணத்துத் தோட்டத்து அக்கா சொன்னது' என்று மட்டும் இருக்கிறது. அந்த அக்கா யார் என்று கேட்க இப்போது அம்மா இல்லை.

இனிச் செய்ய வேண்டியவை. இந்திச் சேனலின் வீடியோ முகவரி, தேதி, எந்த விநாடியிலிருந்து எந்த விநாடிவரை உங்களுடையது என்பதைக் குறித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அண்ணன் போனில் இருக்கும் வெட்டாத அசல் கோப்பை அழிக்காதீர்கள், சட்டத்தில் அதற்கு இணையான சாட்சி இல்லை. யூடியூபின் காப்பிரைட் படிவத்தில் புகார் கொடுங்கள். சேனல்காரர்கள் மறுப்பு அனுப்பினால், 10 வேலை நாட்களுக்குள் வழக்குப் போட்டதற்கான ஆதாரத்தை நீங்கள் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். நம் நாட்டு விதிப்படியும் எழுத்துப்பூர்வப் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் நிறுத்திவைத்து, 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறக்கலாம் என்று ஏற்பாடு உண்டு. பெரும்பாலும் மறுப்பு வராது, ஏனென்றால் அசல் யாரிடம் இருக்கிறது என்று எடுத்தவருக்கே தெரியும். சேனல் வெளிநாட்டிலிருந்து நடக்கிறது என்று தெரிந்தால் அங்கத்திய வக்கீல் ஒருவரையும் கேட்டுக்கொள்ளுங்கள், நான் பழகியது நம் கோர்ட்டுகளில்தான்.

படிவத்தில் உரிமையாளர் பெயர் கேட்கும் இடத்தில் நின்று யோசியுங்கள். வீடியோவைப் பொறுத்தவரை, அதைச் செய்ய முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர்தான் தயாரிப்பாளர், கேமரா பிடித்தவர் அல்ல. நீங்கள் சொன்னபடி நாள் குறித்தது, கோழி வாங்கியது, அமுச்சியைச் சம்மதிக்க வைத்தது எல்லாம் நீங்கள் என்பதால் உங்கள் பெயர் போடலாம். ஆனால் முகப்பில் வைத்திருக்கிறீர்களே, அமுச்சி சட்டியைச் சாய்த்துப் பார்க்கிற அந்தப் படம், அது வீடியோவிலிருந்து எடுத்தது மாதிரி தெரியவில்லை, தனியாக எடுத்த போட்டோ. போட்டோவுக்கு எடுத்தவரே உரிமையாளர், அதாவது உங்கள் அண்ணன். அந்த இந்திச் சேனல் அதையும் எடுத்திருப்பதால், அந்தப் போட்டோவின் உரிமையை அண்ணனிடமிருந்து எழுத்தில் வாங்கிக் கையெழுத்துப் போடச்சொல்லுங்கள். எவ்வளவு காலத்துக்கு, எந்த நாடுகளுக்கு என்றும் அதில் எழுதவேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அமுச்சியிடமும் அதேபோல ஒரு சம்மதத்தை, அவருக்குப் படித்துக் காட்டி, வாங்கி வையுங்கள்.